அரை உயிர் நெட்வொர்க்கை மேசையிலேயே வரவழைப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

சிக்னல் இருந்தும் பதில் வராத 'அரை உயிர்' நெட்வொர்க் போன்ற மோசமான நெட்வொர்க்கில் மென்பொருளைச் சோதிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எண்களும் குறிகளும் அப்படியே.

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் செயலி எழுதுகிறேன். ஏர்பிளேன் மோடு போட்டுச் சோதித்தால் "இணைப்பு இல்லை" என்று ஒழுங்காகச் சொல்கிறது. ஆனால் கடையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம், சில பில்கள் இரண்டு முறை பதிவாகின்றனவாம். அலுவலகத்தில் ஒருமுறைகூட இது வரவில்லை. எப்படி வரவழைப்பது?

ஏர்பிளேன் மோடு மோசமான நெட்வொர்க் அல்ல, இல்லாத நெட்வொர்க். அதைப் போட்டதும் இயங்குதளமே செயலியிடம் "வழி இல்லை" என்று சொல்லிவிடும். உடனே பிழை வரும், நீங்கள் எழுதிய செய்தி திரையில் தெரியும். கடையில் நடப்பது வேறு. சிக்னல் கோடுகள் இருக்கும், பாக்கெட் (தரவுத் துண்டு) கிளம்பும், பதில் மட்டும் வராது. யாரும் செயலியிடம் "முடியவில்லை" என்று சொல்வதில்லை, அதனால் அது காத்திருக்கிறது. எவ்வளவு நேரம்? செயலி தானாக ஒரு காலக்கெடு வைக்காவிட்டால், லினக்ஸின் இயல்பு அமைப்பில் புதிய டிசிபி (தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் நெறிமுறை) இணைப்பு முயற்சி தோற்றுப்போக 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராவிட்டால், கைவிட 15 நிமிடத்துக்கு மேல். சுற்றும் வட்டத்துக்கு இதுதான் காரணம்.

இரட்டைப் பில்லையும் மேசையிலேயே வரவழைக்கலாம். செயலி லினக்ஸ் கணினியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு பில்லைச் சரியாகப் போட்டு முடியுங்கள். சர்வருடன் இணைப்பு இப்போது திறந்திருக்கும். உடனே, சர்வரின் 443 போர்ட்டிலிருந்து வருவதைத் தடுக்கச் சொல்லி, லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் இந்த விதியை அடியுங்கள்:

சூடோ ஐபிடேபிள்ஸ் -ஐ இன்புட் -பி டிசிபி --ஸ்போர்ட் 443 -ஜே டிராப்

'ஐ' என்ற ஒற்றை எழுத்தும் இன்புட், டிராப் என்ற சொற்களும் பெரிய எழுத்தில் வர வேண்டும். இப்போது இரண்டாவது பில்லைச் சேமியுங்கள். கோரிக்கை வெளியே போகும், சர்வர் அதை வாங்கிப் பதிவும் செய்துவிடும். பதில் மட்டும் உங்கள் கணினியின் வாசலில் விழுந்து மடியும். செயலிக்கு அது தோல்வி, சர்வருக்கு வெற்றி. பயனர் மறுபடி "சேமி"யை அழுத்துகிறார் அல்லது செயலியே மறுமுயற்சி செய்கிறது. விதியை நீக்க, அதே வரியில் 'ஐ'க்குப் பதில் பெரிய 'டி' போடுங்கள். நீக்கியதும் சர்வரில் பாருங்கள், ஒரே பில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இதைத் தீர்க்க, காலக்கெடுவை நீட்டுவதால் பயனில்லை. ஒவ்வொரு பில்லுக்கும் செயலியிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். அந்த எண் "சேமி"யை அழுத்தும்போது உருவானால் பயனில்லை. பில் திரை திறக்கும்போதே உருவாகி, வெற்றி உறுதியாகும்வரை மாறாமல் இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சர்வர் எச்டிடிபி/3 பேசினால் போக்குவரத்து டிசிபிக்குப் பதில் யூடிபி என்ற வேறு நெறிமுறையில், 443-இல் போகும், மேலே உள்ள விதி அதைத் தொடாது. யூடிபிக்கும் தனியாக ஒரு விதி வேண்டும். அடுத்து, ஐபிடேபிள்ஸ் பழைய முகவரி முறையான ஐபிவி4-ஐ மட்டுமே பார்க்கும். புதிய முறையான ஐபிவி6 இருந்தால் ஐபி6டேபிள்ஸிலும் அதே விதியைப் போட வேண்டும். "விதி போட்டும் செயலி ஜோராக ஓடுகிறது" என்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். டிராப்புக்குப் பதில் ரிஜெக்ட் போடாதீர்கள். அது சர்வருக்கு மறுப்பைத் திருப்பி அனுப்பிவிடும், பதில் சத்தமில்லாமல் தொலையும் நிலை கிடைக்காது.

கேள்வி: குரோம் உலாவியின் டெவ்டூல்ஸில் 3ஜி தேர்ந்தெடுத்துச் சோதித்தால் போதாதா?

பக்கம் கனமாக இருக்கிறதா, படங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்க்கப் போதும். இணைப்பின் நடத்தையைச் சோதிக்கப் போதாது.

டெவ்டூல்ஸ் பாக்கெட்டைத் தாமதிப்பதில்லை, கோரிக்கையைத் தாமதிக்கிறது. டிஎன்எஸ் தேடல் (முகவரியைக் கண்டுபிடிப்பது), டிசிபி கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்குவது), டிஎல்எஸ் பேச்சு (மறையாக்கத்தை ஏற்பாடு செய்வது) எல்லாம் அடியில் உங்கள் உண்மையான வேகத்திலேயே நடந்து முடிந்துவிடும். கூகுளின் பக்கச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸின் எண்களைப் பார்த்தால் இது விளங்கும். அது மெதுவான 4ஜிக்கு எடுத்துக்கொள்ளும் சுற்றுப்பயண நேரம் (போய்த் திரும்பும் நேரம்) 150 மில்லிசெகண்ட், வேகம் நொடிக்கு 1.6 மெகாபிட். அதே நிலையை டெவ்டூல்ஸ் வழியாகக் காட்டும்போது தாமதத்தை 562.5 மில்லிசெகண்டாக, அதாவது 3.75 மடங்காக வைக்கிறது. கைகுலுக்கல்களில் போகவேண்டிய சுற்றுகளை ஒரே தாமதமாகத் திரட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அது. சராசரி ஒத்துப்போகும், நடத்தை ஒத்துப்போகாது. சாதாரணக் கோரிக்கைகளில் பாக்கெட் இழப்பு என்பதே அங்கே கிடையாது. அதோடு, டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் தாவலுக்கு மட்டுமே அந்த வேகக் கட்டுப்பாடு பொருந்தும்.

கேள்வி: லினக்ஸில் நெட்எம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை முறையாகப் பயன்படுத்துவது எப்படி? தாமதம் 100 கொடுத்தால் சரியாக வருகிறது, மற்றவை எல்லாம் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

மோசமான நெட்வொர்க்கைப் போலச் செய்து காட்டும் நெட்எம், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்குவது டிசி என்ற கட்டளை. இந்த வழிக்கு முன்னோடி, பிசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிட்சோ ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதி 1997-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட டம்மிநெட்.

முதலில் ஐபி லிங்க் அடித்து உங்கள் நெட்வொர்க் இடைமுகத்தின் பெயரைப் பாருங்கள். ஈத்0 என்று எல்லாக் கணினியிலும் இருக்காது. பிறகு:

சூடோ டிசி கியூடிஸ்க் ஆட் டெவ் ஈத்0 ரூட் நெட்எம் டிலே 100எம்எஸ்

மாற்ற வேண்டுமானால் 'ஆட்' இருக்கும் இடத்தில் 'சேஞ்ச்'. நீக்க, 'ரூட்' வரை அடித்து 'ஆட்' இடத்தில் 'டெல்'. நிலை பார்க்க, டிசி -எஸ் கியூடிஸ்க் ஷோ. இது எத்தனை பாக்கெட் போனது, எத்தனை விழுந்தது என்றும் சொல்லும்.

இனி, கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று பார்ப்போம்.

நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே தொடும். பதிவிறக்கத்தைக் கெடுக்க நினைத்து ஈத்0-இல் நொடிக்கு 1 மெகாபிட் என்று வேகம் வைத்தால், பதிவேற்றம்தான் சுருங்கும். உள்ளே வருவதற்கு, ஐஎஃப்பி என்ற போலி இடைமுகத்தை எழுப்பி, ஈத்0-க்குள் வருவதையெல்லாம் அதற்குத் திருப்பிவிட்டு, அந்த ஐஎஃப்பியின் ரூட்டில் நெட்எம் போட வேண்டும். திருப்பும் வடிகட்டியில் 'புரோட்டோகால் ஐபி' என்று மட்டும் எழுதினால் ஐபிவி6 தப்பித்துப் போய்விடும். கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக்கில் நிலைமை நேர்மாறு. எல்ஓ இடைமுகத்தில் 100 மில்லிசெகண்ட் கொடுத்தால் போகும்போது ஒரு 100, பதில் திரும்பும்போது ஒரு 100. பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) 200 காட்டும்.

அடுத்தது லிமிட். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். நெட்எம்மின் வரிசையில் இயல்பாக 1000 பாக்கெட்டுக்குத்தான் இடம். வேகமான இணைப்பில் இது போதாது. நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால், 1500 பைட் பாக்கெட்டுகள் சுமார் 8,300 எப்போதும் "வழியில்" இருக்க வேண்டும். வரிசை 1000-இல் நிரம்பி மீதி விழும். நீங்கள் இழப்பே கேட்கவில்லை, ஆனால் இழப்பு இருக்கும். அங்கே லிமிட் 20000 என்று கொடுங்கள். மெதுவான இணைப்பிலோ அதே 1000 மிக அதிகம். 1000 பாக்கெட் என்பது 12 மெகாபிட். வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால், நிரம்பிய வரிசையின் கடைசியில் நிற்கும் பாக்கெட் 12 நொடி காத்திருக்கும். ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே பிங் அடித்துப் பாருங்கள், தாமதம் படிப்படியாக ஏறுவது கண்ணெதிரே தெரியும். வரிசைக் காத்திருப்பு 200 மில்லிசெகண்டைத் தாண்டக்கூடாது என்றால் அங்கே லிமிட் 16 போதும். ஆகவே தாமதம், வேகம், லிமிட் மூன்றையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

வேகத்தின் அலகிலும் ஒரு குழி இருக்கிறது. டிசி-யில் 'எம்பிட்' என்றால் மெகாபிட். 'எம்பிபிஎஸ்' என்றால் நொடிக்கு மெகாபைட். ரேட் 1எம்பிபிஎஸ் என்று எழுதினால் கிடைப்பது 8 மெகாபிட். எங்கும் எம்பிட், கேபிட் என்றே எழுதுங்கள்.

ஜிட்டரையும், அதாவது தாமதத்தின் ஏற்ற இறக்கத்தையும், சொல்ல வேண்டும். டிலே 100எம்எஸ் 50எம்எஸ் என்று கொடுத்தால், பின்னால் கிளம்பியது முன்னால் போய்விடும். வரிசை குலைந்ததை டிசிபி இழப்பு என்று நினைத்து மறுபடி அனுப்பும், வேகம் சரியும். அதே வரியில் ரேட்டும் கொடுத்தால் நெட்எம் வரிசையைக் குலைக்காது.

கடைசியாக ஆஃப்லோட், அதாவது வேலையை நெட்வொர்க் அட்டைக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு. கெர்னல் பல பாக்கெட்டுகளை 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாகக் கட்டி அட்டைக்கு அனுப்பும், பிரிப்பது அட்டையின் வேலை. நெட்எம் பார்ப்பது அந்த மூட்டையை. 1% இழப்பு என்றால் நூற்றில் ஒரு மூட்டை முழுதாகப் போகும். உண்மையான வழியில் அப்படி விழாது. சோதனைக்கு முன் ஈத்டூல் -கே ஈத்0 டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப் ஜிஆர்ஓ ஆஃப் என்று அடித்து நிறுத்துங்கள். இங்கே 'கே' பெரிய எழுத்து.

கேள்வி: இழப்பு 1% வைத்தேன். 100 பிங்கில் ஒன்றுகூட விழவில்லை. நெட்எம் வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. 1% என்பது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாகச் சுண்டும் நாணயம். 100 முறையில் ஒன்றுகூட விழாமல் இருக்க வாய்ப்பு 0.99-இன் நூறாவது அடுக்கு, அதாவது சுமார் 37%. மூன்றில் ஒரு தடவைக்கு மேலேயே இப்படி வரும். சூடோவுடன் பிங் -சி 2000 -ஐ 0.01 அடியுங்கள் (இந்த 'ஐ' சிறிய எழுத்து). 20 நொடி சொச்சத்தில் முடிந்துவிடும். 11 முதல் 29 வரை எது விழுந்தாலும் 1%-க்கு ஒத்துப்போகிறது என்று கொள்ளலாம்.

1% சின்ன எண்ணாகத் தோன்றும். டிசிபி வேகத்துக்கான மேத்திஸ் குழுவினரின் 1997-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 1460 பைட் துண்டுகள், 100 மில்லிசெகண்ட் சுற்றுப்பயணம், 1% இழப்பு என்றால், பழைய பாணி டிசிபிக்கு ஓர் இணைப்பின் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிட். குழாய் 100 மெகாபிட்டாக இருந்தாலும் அவ்வளவுதான். இன்றைய டிசிபியில் நெரிசலுக்கேற்ப வேகத்தைச் சரிசெய்யும் கியூபிக் என்ற முறை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பிபிஆர் என்ற இன்னொரு முறையின் முதல் பதிப்பு இழப்பைப் பார்த்து வேகம் குறைப்பதில்லை என்பதால் அதன் கணக்கே வேறு. எனவே சோதனைக் குறிப்பில் சர்வர் எந்த நெரிசல் முறையில் ஓடியது என்றும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, ரேடியோ இணைப்பில் இழப்பு ஒவ்வொன்றாக உதிராது, கொத்தாக விழும். அதற்கு லாஸ் ஜிஇமாடல் 1% 25% என்று கொடுங்கள். நல்ல நிலையிலிருந்து கெட்ட நிலைக்கு 1% வாய்ப்பு, அங்கிருந்து மீள 25%. ஒரு கொத்தில் சராசரியாக 4 பாக்கெட் போகும், மொத்த இழப்பு 3.8%. வீடியோ அழைப்பைச் சோதிப்பவர்கள் இதைத்தான் வைக்க வேண்டும். தனித்தனியாக உதிரும் 4%-ஐ மூடி மறைக்கும் மென்பொருள், நாலு நாலாகப் போகும்போது திணறும்.

கேள்வி: உண்மையான போனில் சோதிக்க வேண்டும். போனில் நெட்எம் ஓட்ட முடியாதே?

போனில் ஓட்ட வேண்டாம், நடுவில் ஓட்டுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான முறை. லினக்ஸ் லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் இணைத்து, அதன் வைஃபையை ஹாட்ஸ்பாட் ஆக்குங்கள். பல விநியோகங்களில் என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை ஹாட்ஸ்பாட் என்ற ஒரே வரி போதும். போனை அதில் சேர்த்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் வைஃபை சரியில்லை என்று கண்டதும் போன் தானாக அந்தப் பக்கம் தாவிவிடும், உங்கள் சோதனை பொய்த்துவிடும்.

இப்போது இரண்டு பக்கமும் "வெளியே போகும்" பக்கம்தான். வைஃபை இடைமுகத்தில் போடும் நெட்எம் போனின் பதிவிறக்கத்தைக் கெடுக்கும், ஈதர்நெட் இடைமுகத்தில் போடுவது பதிவேற்றத்தை. ஐஎஃப்பி தொல்லை இல்லை. இரண்டிலும் 75 மில்லிசெகண்ட் வைத்தால் சுற்றுப்பயணம் 150 கூடும். முதல் பதிலில் சொன்ன பதில்-மட்டும்-தொலையும் சோதனையை இங்கே செய்ய, இன்புட்டுக்குப் பதில் ஃபார்வர்ட் என்று எழுதுங்கள். -ஐ என்று முதலிடத்தில் செருகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஹாட்ஸ்பாட்டுக்காக ஏற்கெனவே போடப்பட்ட "திறந்த இணைப்புகளை விடு" என்ற விதி முன்னால் இருந்தால், கடைசியில் சேர்த்த விதி வரை பாக்கெட் வரவே வராது.

கணினியில் ஓடும் போலிப் போனான எமுலேட்டரே போதும் என்பவர்களுக்கு, ஆண்ட்ராய்டு எமுலேட்டரை -நெட்ஸ்பீட் எட்ஜ் -நெட்டிலே எட்ஜ் ('நெட்', 'டிலே' சேர்ந்த ஒரே சொல்) என்று தொடங்கலாம். வேகம் நொடிக்கு 473.6 கிலோபிட், தாமதம் 80 முதல் 400 மில்லிசெகண்ட். இந்த இரண்டும் வேகத்தையும் தாமதத்தையும் மட்டுமே பார்த்துக்கொள்ளும், இழப்பு இதில் இல்லை. ஐபோனில் செட்டிங்ஸ், டெவலப்பர் பகுதியில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் இருக்கிறது. ஆப்பிளின் நிரலாக்க மென்பொருளான எக்ஸ்கோடோடு இணைத்துப் பழக்கிய போனில்தான் டெவலப்பர் பகுதி தெரியும்.

கேள்வி: விண்டோஸ், மேக்கில்?

விண்டோஸில் கிளம்ஸி என்ற இலவச மென்பொருள். நிர்வாகியாகத் திறந்து, வடிகட்டிப் பெட்டியில் எந்தப் போர்ட், எந்த முகவரி என்று குறுக்கிவிட்டு, லேக், டிராப் ஆகியவற்றை டிக் செய்யுங்கள். வடிகட்டியை அகலமாக விட்டால் ரிமோட் டெஸ்க்டாப்பும் சேர்ந்து திணறும். உள்வரவு, வெளிச்செலவு இரண்டையும் டிக் செய்தால் லேக் இரண்டு முறை சேரும் என்பதை மறக்காதீர்கள்.

மேக்கில் எக்ஸ்கோடின் கூடுதல் கருவிகள் தொகுப்பில் அதே நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர். அது கணினி முழுவதையும் பிடிக்கும்.

கேள்வி: என்ன எண்களை வைத்துத் தொடங்குவது?

நெரிசலான மொபைல் இணைப்புக்கு நாங்கள் பரிந்துரைக்கும் தொடக்கம் இது: ஒவ்வொரு திசையிலும் தாமதம் 100 மில்லிசெகண்ட், ஜிட்டர் 40, ஜிஇமாடல் 1% 25%, ரேட் 700கேபிட், லிமிட் 30. இது எந்த ஊரின் சராசரியும் அல்ல, செயலியின் பலவீனம் தெரியும் அளவு. புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு எண்ணை இயற்பியலே தந்துவிடுகிறது. 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்க ஒளிக்கு ஒரு திசையில் சுமார் 240 மில்லிசெகண்ட், சுற்றுக்கு 480. நிலையக் கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து ஒவ்வொரு திசையிலும் 300 வையுங்கள்.

இவை நிலையான எண்கள். பிழைகள் அதிகம் வெளிவருவது நிலை மாறும்போதுதான். எனவே 20 நொடி நல்ல இணைப்பு, 8 நொடி லாஸ் 100%, மறுபடி நல்லது என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட்டில் 'சேஞ்ச்' கட்டளையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இணைப்பு திரும்பியபின் செயலி எழுந்து நிற்க எத்தனை நொடி எடுக்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். 8 நொடித் தடைக்குப் பின் 40 நொடி கழித்து எழும் செயலி, மறுமுயற்சி இடைவெளியையோ காலக்கெடுவையோ மிக நீளமாக வைத்ததாக இருக்கலாம். முதலில் அங்கே பாருங்கள்.

கேள்வி: தொலைவில் இருக்கும் சர்வரில் லாஸ் 100% போட்டுவிட்டேன். தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பும் போய்விட்டது. என்ன செய்வது?

டிசி வைத்த அமைப்பு எங்கும் சேமிக்கப்படுவதில்லை. வழங்குநரின் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து மறுதொடக்கம் செய்தால் போய்விடும். இனி, கெடுக்கும் கட்டளைக்கு முன்பே மீட்பைக் கட்டி வையுங்கள்:

சூடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=2மின் டிசி கியூடிஸ்க் டெல் டெவ் ஈத்0 ரூட்

உங்கள் இணைப்பு அறுந்தாலும் 2 நிமிடத்தில் சர்வர் தானே அதை நீக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் கையால் செய்யாமல், தானியங்கிச் சோதனையில் சேர்க்க முடியுமா?

டாக்ஸிபிராக்ஸியைப் பாருங்கள். ஷாப்பிஃபை நிறுவனம் வெளியிட்ட திறமூலக் கருவி. செயலிக்கும் சர்வருக்கும் நடுவில் டிசிபி இடையாளாக நிற்கும். 8474 போர்ட்டில் எச்டிடிபி வழியாக அதற்கு உத்தரவு கொடுக்கலாம், ரூட் உரிமை வேண்டியதில்லை. டிசிபி அடுக்கில் நிற்பதால் அதனால் பாக்கெட் இழப்பைக் காட்ட முடியாது. ஆனால் அரை உயிர் இணைப்பை மிகச் சுத்தமாகக் காட்டும். டவுன்ஸ்ட்ரீமில் (சர்வரிலிருந்து செயலிக்கு வரும் திசையில்) 'டைம்அவுட்' என்ற நஞ்சை (கோளாறுக்கு இந்தக் கருவி வைத்த பெயர்) 0 மதிப்போடு சேர்த்தால், இணைப்பு மூடாமல் திறந்தே இருக்கும், பதில் மட்டும் வராது. முதல் கேள்வியின் இரட்டைப் பில் சோதனையை இதில் எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஓட வையுங்கள். நஞ்சு சேர், பில் அனுப்பு, செயலி தன் காலக்கெடுவில் கைவிடுகிறதா பார், நஞ்சை எடு, மறுபடி அனுப்பு, சர்வரில் ஒரே வரிசைதானா என்று எண்ணு.

'பேண்ட்வித்' நஞ்சின் அலகு நொடிக்கு கிலோபைட், கிலோபிட் அல்ல. நெட்எம்மில் 700கேபிட் வைத்துப் பழகிய கையோடு இங்கே 700 என்று எழுதினால் எட்டு மடங்கு நல்ல நெட்வொர்க்கில் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே எழுத வேண்டியது 87.